ஓடைக்கரையிலிருந்து ஒரு பொன்னிலை

1770களின் நடுவில் ஒரு கோடைக்காலம். இன்றைய ஜார்ஜியா மாநிலத்தின் உள்பகுதியில், ஒக்மல்கி ஆற்றுக்கும் ஃபிளின்ட் ஆற்றுக்கும் இடைப்பட்ட காட்டுப் பாதையில், மான்தோல் வாங்கப் புறப்பட்ட வணிகர் கூட்டமொன்று குதிரைகளில் போய்க்கொண்டிருந்தது. வழித்துணைக்காக அவர்களோடு சேர்ந்து வந்த ஒருவருக்கு மட்டும் வணிகத்தில் நாட்டமில்லை. வில்லியம் பார்ட்ரம் என்பது அவர் பெயர். ஃபிலடெல்ஃபியாக்காரர், அப்போது வயது முப்பத்தைந்தை ஒட்டியிருக்கும். வழியில் ஓர் ஓடைக்கரையில் அவர் கண்ணுக்கு ஒரு புதர் பட்டது. ஒரே வேரிலிருந்து பல தண்டுகள் கிளம்பி ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் சாய்ந்திருந்தன. ஐந்தாறு அடி உயரம். தண்டின் பட்டை இலவங்க நிறத்தில் மெல்லிய ஏடுகளாக உரிந்து தொங்கியது. இலைகள் ஓக் மரத்து இலைகளைப் போல மடல் மடலாக விரிந்திருந்தன. கிளை நுனிகளில் வெண்ணிறப் பூங்கொத்துகள், தம் கனத்தைத் தாமே தாங்காமல் தலை கவிழ்ந்திருந்தன.

பார்ட்ரம் அதை ஹைட்ராஞ்சியா இனம் என்று ஊகித்தார். ஊகம் சரிதான். ‘ஓக் இலை கொண்டது’ என்ற பொருளில் அதற்கு ‘ஹைட்ராஞ்சியா குவெர்சிஃபோலியா’ என்று பெயரிட்டார். இன்று உலகத்து நாற்றுப்பண்ணைகளில் ‘ஓக்லீஃப் ஹைட்ராஞ்சியா’ என்று விற்கப்படுவது அதுவே. அதன் வம்சத்தில், இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, பச்சை இலைக்குப் பதிலாகப் பொன்னிற இலையோடு ஒரு கிளை பிறந்தது. அந்தப் பொன்னிலையின் கதைதான் இது. ஆனால் கதையை ஓடைக்கரையில் தொடங்காவிட்டால், அந்த இலை ஏன் வெயிலுக்கு அஞ்சுகிறது என்பது விளங்காது.

நம் ஊர்க்காரர்களுக்கு ஹைட்ராஞ்சியா என்றால் ஊட்டியும் கொடைக்கானலும்தான் நினைவுக்கு வரும். பங்களாச் சுவரோரம் பந்து பந்தாக நீலத்திலும் இளஞ்சிவப்பிலும் பூத்து நிற்பது அது. அதன் பிறப்பிடம் ஜப்பான். மண்ணின் புளிப்பையும் அதில் கரைந்திருக்கும் அலுமினியத்தையும் பொறுத்து நிறம் மாறும் வித்தை அதற்கு உண்டு. நம் கதாநாயகிக்கு அந்த வித்தை இல்லை. எந்த மண்ணில் நட்டாலும் பூ வெள்ளையாகத்தான் விரியும். முற்ற முற்ற இளஞ்சிவப்பு ஏறி, கடைசியில் காய்ந்த காகிதப் பழுப்பாகும். உருண்டைப் பந்தாக இல்லாமல், கூம்பு வடிவில் நீண்ட கொத்தாகப் பூக்கும். நாம் இதழ் என்று பார்ப்பவை இதழ்களே அல்ல, பெரிதாக வளர்ந்த புல்லிகள். அவை வெறும் விளம்பரப் பலகைகள். தேனீக்குத் தேவையான உண்மையான பூக்கள் பொடிப்பொடியாக அவற்றுக்கு உள்ளே மறைந்திருக்கின்றன.

காட்டில் இந்தச் செடியின் வாழ்விடம் வட கரோலினாவிலிருந்து டென்னசி வரையிலும், தெற்கே ஃபுளோரிடா, லூசியானா வரையிலும் பரவியிருக்கிறது. அலபாமாவில் மிகுதி. 1999-இல் அந்த மாநிலம் இதைத் தன் காட்டுப் பூவாக அறிவித்தது. ஆற்றோரச் சரிவுகள், ஓடைகள் அரித்த பள்ளங்கள், சுண்ணாம்புப் பாறை விளிம்புகள் ஆகியவையே அதற்குப் பிடித்த இடங்கள். மேலே ஓக்கும் ஹிக்கரியும் கூரை போட்டிருக்கும். கீழே ஆண்டாண்டாக விழுந்து மக்கிய இலைப்படுகை. சரிவு என்பதால் எவ்வளவு மழை பெய்தாலும் நீர் தங்காது. இலைப்படுகை இருப்பதால் எவ்வளவு காய்ந்தாலும் ஈரம் முழுக்கப் போகாது. மரக்கிளைகளின் சந்துகளில் சல்லடையாக இறங்கும் வெயில். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அதன் பிறந்தகம். தோட்டத்தில் இதை வளர்க்கும் கலை என்பது இந்த மூன்றையும் மறுபடி உண்டாக்கிக் கொடுப்பதுதான்.

அந்தக் காடு யாருமற்ற காடு அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பார்ட்ரம் நடந்தது மஸ்கோகி என்ற பூர்வகுடி மக்களின் பாதைகளில். அவர்களுடைய ஊர்களில் உண்டு, உறங்கி, அவர்கள் காட்டிய வழியில்தான் அவர் செடி தேடினார். அவரைப் பூ தேடுபவர் என்று பொருள்படும் பெயரால் செமினோல் மக்கள் அழைத்தார்கள். அந்த மஸ்கோகி மக்கள் 1830களில் தம் நிலத்திலிருந்து மேற்கே விரட்டப்பட்டார்கள். ஓடைக்கரைப் புதர் அங்கேயே இருந்தது. அதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பழகியவர்கள் அங்கே இல்லாமல் போனார்கள். ‘கண்டுபிடித்தார்’ என்று தாவரவியல் நூல்கள் பார்ட்ரமைப் பற்றி எழுதும்போதெல்லாம் இதையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பார்ட்ரமைக் காட்டுக்கு அனுப்பியவர் ஜான் ஃபாதர்கில் என்ற லண்டன் மருத்துவர். அபூர்வச் செடிகளில் பெரும் பித்துக் கொண்டவர். ஆண்டுக்கு 50 பவுண்டு கொடுத்து, விதையும் உலர்ந்த மாதிரிகளும் படங்களும் அனுப்பச் சொல்லியிருந்தார். 1773 வசந்தத்தில் கிளம்பிய பார்ட்ரம் 1777 தொடக்கத்தில்தான் வீடு திரும்பினார். இடையில் அவருடைய சொந்த ஊரில் அமெரிக்கா என்ற நாடே பிறந்துவிட்டது. போரைப் பற்றி அவர் நூலில் ஏறக்குறைய ஒரு பேச்சும் இல்லை. ஆற்றையும் முதலையையும் பூவையும் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதினார். அந்தப் பயண நூல் 1791-இல் ஃபிலடெல்ஃபியாவில் அச்சானது. ஓக் இலை ஹைட்ராஞ்சியாவின் படமும் அதில் இடம்பெற்றது. செலவுக்குப் பணம் கொடுத்த ஃபாதர்கில் அதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பே, 1780-இல், இறந்துவிட்டிருந்தார்.

பார்ட்ரம் திரும்பி வந்த வீடும் சாதாரண வீடல்ல. ஸ்கூல்கில் ஆற்றங்கரையில் அவர் தந்தை ஜான் பார்ட்ரம் 1728-இல் நிலம் வாங்கி உருவாக்கிய தோட்டம் அது. அமெரிக்கக் காட்டு விதைகள் பெட்டி பெட்டியாக இங்கிலாந்துக்குக் கப்பலேறியது அங்கிருந்துதான். பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி தேடி வந்தபோதும் வில்லியம் போகவில்லை. 1823-இல் இறக்கும் வரை அந்தத் தோட்டத்திலேயே இருந்தார். தோட்டம் இன்றும் இருக்கிறது, பொதுப் பூங்காவாக.

ஓக் இலை ஹைட்ராஞ்சியா 1803-இல் பிரிட்டன் போய்ச் சேர்ந்தது. அங்கே அதற்கு வரவேற்பு இருந்தது, ஆனால் கொண்டாட்டம் இல்லை. ஜார்ஜியாவின் புழுக்கத்தில் வளர்ந்த செடிக்கு இங்கிலாந்தின் மங்கலான கோடை போதவில்லை, பூ குறைந்தது. இலைக்காகவும், இலையுதிர் காலத்தில் அது எடுக்கும் கருஞ்சிவப்பு நிறத்துக்காகவும் வளர்த்தார்கள். பிறந்த நாட்டிலும் நெடுங்காலம் ஏறத்தாழ இதே நிலைதான். கைக்கெட்டிய தூரத்தில் காட்டில் கிடைப்பதற்குத் தோட்டத்தில் மதிப்பு வருவது எந்த நாட்டிலும் தாமதமாகத்தான்.

இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில்தான் நிலைமை மாறியது. மாற்றியவர்கள் அலபாமாவின் ஆல்ட்ரிஜ் என்ற நாற்றுப்பண்ணைக் குடும்பத்தார், தந்தை லோரனும் மகன் எட்டியும். புல்லிகள் அடுக்கடுக்காக ஒன்றன்மேல் ஒன்று முளைக்கும் ஒரு செடி அவர்கள் கைக்கு வந்தது. அதற்கு ‘ஸ்னோஃபிளேக்’ என்று பெயரிட்டு 1971-இல் காப்புரிமை வாங்கினார்கள். விதையின்றிப் பெருக்கும் செடிகளுக்குக் காப்புரிமை தரும் சட்டம் அமெரிக்காவில் 1930-இலேயே வந்துவிட்டது. ஆகவே வித்தியாசமான ஒரு கிளையைக் கண்ணால் கண்டு, அதைப் பிரித்தெடுத்து நிலைநிறுத்துபவருக்குப் பலன் உண்டு. அதன்பின் தேடல் சூடுபிடித்தது. நியூஜெர்சியின் பிரின்ஸ்டன் பண்ணையிலிருந்து ‘ஸ்னோ குயின்’, ஜார்ஜியா பல்கலைக்கழக வளாகத்தில் பேராசிரியர் மைக்கேல் டிர் தேர்ந்தெடுத்த ‘ஆலிஸ்’ எனப் பெயர்கள் பெருகின. சிறிய தோட்டங்களுக்கு ஏற்றவாறு குள்ளமாக நிற்கும் ‘பீ வீ’ என்ற வகையும் வந்தது.

அந்தப் ‘பீ வீ’யில்தான் பொன் பிறந்தது.

பச்சைச் செடியொன்றில் திடீரென ஒரு மொட்டின் செல்களில் மரபு சற்றே பிறழ்கிறது. அந்த மொட்டு கிளையாக நீளும்போது, அதன் இலைகள் மட்டும் மஞ்சளாக விரிகின்றன. விதை வழியாக வந்த மாற்றமல்ல இது. தாய்ச்செடியின் உடம்பிலேயே ஒரு கிளை வேறாகிப் போவது. காட்டில் இப்படி ஒரு கிளை தோன்றினால் அதற்கு நீண்ட ஆயுள் இல்லை. அதே வேரைப் பகிரும் பச்சைக் கிளைகள் வேகமாக வளர்ந்து அதை மூடிவிடும். ஒரு மனிதக் கண் அதைப் பார்த்து, கத்தியெடுத்து, அந்தக் கிளையை மட்டும் வெட்டி, வேர் பிடிக்க வைத்தால்தான் அது தனிச்செடியாகும். அப்படித் தனியாக்கப்பட்டதே ‘பிரிஹான்’ என்று பதிவாகி, ‘லிட்டில் ஹனி’ என்ற விற்பனைப் பெயரில் புழங்கும் பொன்னிலை ஓக்லீஃப் ஹைட்ராஞ்சியா. இடுப்பளவு உயரம், ஏறக்குறைய அதே அகலம்; மெதுவாக வளரும். வசந்தத்தில் இலைகள் எலுமிச்சை மஞ்சளாக விரியும். கோடையில் பசுமை கலந்த மஞ்சளாகும். இலையுதிர் காலத்தில் செம்மையும் ஊதாவும் ஏறும். பூ வழக்கம்போல வெள்ளை.

பொன்னிறம் என்கிறோம். தாவரத்தின் கண்ணோட்டத்தில் அது ஒரு குறைபாடு. எல்லாப் பச்சை இலைகளிலும் மஞ்சள் நிறமிகள் இருக்கின்றன. பச்சையம் மிகுந்திருப்பதால் அவை தெரிவதில்லை. பொன்னிலையில் பச்சையம் குறைவு. அதனால் அடியிலிருந்த மஞ்சள் மேலே தெரிகிறது. பச்சையம் குறைந்தால் செடி சமைக்கும் உணவும் குறையும். வளர்ச்சி மெதுவாக இருப்பதற்கு அதுவே காரணம். ஒளியைப் பயன்படுத்தும் ஆற்றலும் குறைவு. நண்பகல் வெயில் நேராக அடித்தால், பயன்படுத்த முடியாத ஒளியெல்லாம் இலைக்குச் சேதமாக மாறும். முதலில் ஓரம் வெளுக்கும், பிறகு பழுப்பாகும், பிறகு தீய்ந்த காகிதம்போல நொறுங்கும்.

சரி, இருட்டு மூலையில் வைத்துவிடலாமா? அதுவும் ஆகாது. கும்மிருட்டான நிழலில், கிடைக்கும் கொஞ்ச ஒளியையும் பிடிப்பதற்காக இலை தன் பச்சையத்தைக் கூட்டிக்கொள்ளும். பொன் மங்கி, கிளிப்பச்சையாகிவிடும். செடி உயிரோடிருக்கும், எதற்காக வாங்கினோமோ அது இருக்காது. நம் ஊர்ச் சாலை நடுவே வேலியாக நிற்கும் பொன்னிற டுராண்டாவைப் பார்த்தவர்களுக்கு இதில் பாதி புரியும். நிழல் விழும் பக்கத்தில் அது பச்சையாகிவிடும். ஆனால் டுராண்டாவுக்கு முழு வெயில் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. ஆகவே இதற்கான இடம் குறுகலானது. காலை ஏழிலிருந்து பத்து, பதினொன்று வரை இளவெயில், பிறகு நாள் முழுவதும் நிழல். அல்லது உயர்ந்த மரத்தின் கீழ்க்கிளைகளைக் கழித்துவிட்டு, அதனடியில் சல்லடை வெயில் கிடைக்கும்படி செய்வது. ஜார்ஜியாவின் ஓடைக்கரையில் மேலே ஓக் மரங்கள் செய்துகொண்டிருந்ததும் அதுதான்.

எந்த மரம் என்பதும் முக்கியம். ஓக்கின் அடியில் இது நன்றாக வரும். மேப்பிளின் அடியில் திணறும். மேப்பிளின் வேர்கள் மண்ணின் மேற்பரப்பிலேயே பின்னிக் கிடந்து நீரையெல்லாம் முந்திக் குடித்துவிடும். வடிகால் இன்னும் முக்கியம். இந்தச் செடி வெயிலால் சாவதைவிட, வேரில் நீர் தேங்கி அழுகிச் சாவதே அதிகம். களிமண் நிலமானால் மண்ணை மேடாக்கி, தொட்டியில் இருந்ததைவிடச் சற்றே உயர்த்தி நட வேண்டும். ஆழப் புதைத்தால் போயிற்று. பிறகு மூடாக்கு: மக்கிய இலையோ மரப்பட்டைத் தூளோ இரண்டு மூன்று அங்குலம், தண்டைத் தொடாமல். முதல் இரண்டு கோடைகளில் ஆழமாக, ஆனால் இடைவெளி விட்டுத் தண்ணீர். உரத்தை அள்ளிக் கொட்டத் தேவையில்லை. இலைமட்கே அதன் பழைய உணவு.

கவாத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். வரும் ஆண்டின் பூமொட்டுகளை இந்தச் செடி இந்த ஆண்டுக் கோடை முடிவிலேயே கிளை நுனிகளில் கட்டிவிடும். குளிர்காலம் முழுவதும் அந்த மொட்டுகள் மொட்டைக் குச்சியின் நுனியில் உறங்கும். குளிர்காலத்தில் தோட்டத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று கத்தரியெடுப்பவர், அடுத்த ஆண்டுப் பூவைத்தான் வெட்டுகிறார். வெட்ட வேண்டுமானால் பூ வாடத் தொடங்கியதும் வெட்டிவிட வேண்டும். என் பார்வையில் இந்தக் குள்ள வகைக்குக் கவாத்தே தேவையில்லை. காய்ந்த குச்சியை நீக்கினால் போதும். இலைகள் உதிர்ந்த பின் வெளித்தெரியும் அந்த இலவங்க நிறப் பட்டைதான் குளிர்காலத்தில் செடியின் அழகு. அதையும் சேர்த்து வெட்டிக் குப்பையில் போடுவதில் என்ன லாபம்?

மொட்டுகளைத் தின்னும் மான்களும், வசந்தத்தில் தாமதமாக வரும் உறைபனியும் இதன் எதிரிகள். இளம் பொன்னிலை உறைபனியில் ஒரே இரவில் கருகும். மரத்தடியில் நட்டால் அதற்கும் ஓரளவு காப்பு உண்டு.

நல்ல இடத்தில் அமைந்துவிட்டால் இது தரும் காட்சியைச் சொல்லியே ஆக வேண்டும். பெருமரங்களின் அடியில் மாலை நான்கு மணிக்கே இருட்டத் தொடங்கும் மூலைகள் எல்லாத் தோட்டங்களிலும் உண்டு. அங்கே கரும்பச்சைப் பெரணிகளின் நடுவே ஒரே ஒரு பொன்னிலைச் செடியை வைத்தால், மூலையில் யாரோ குத்துவிளக்கு ஏற்றி வைத்தது போலிருக்கும். குளிர்காலத்திலும் பச்சையாக நிற்கும் கிறிஸ்துமஸ் பெரணி இதற்கு மிகப் பொருத்தமான துணை. இரண்டும் ஒரே காட்டில் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்தவை. அடுத்தடுத்து நான்கைந்து பொன்னிலைச் செடிகளை நட்டு நிரப்புகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு விளக்குக்கு இருட்டும் வேண்டும்.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். தோட்டம் போடுபவர்களோ நிழலை ஒரு குறையாகவே எண்ணுகிறார்கள். ‘இங்கே வெயிலே படாது, ஒன்றும் வராது’ என்று கைவிட்ட இடத்தில்தான் இந்தச் செடி வாழ்ந்து காட்டுகிறது.

இதை விதையிலிருந்து வளர்த்துப் பொன் எதிர்பார்க்க முடியாது. முளைப்பவற்றில் பெரும்பாலானவை பச்சையாகவே வரலாம். கோடைத் தொடக்கத்தில் இளங்குச்சி வெட்டி வேர் பிடிக்க வைக்கலாம். நீர் சற்று மிகுந்தாலும் குச்சி அழுகும். வீட்டில் செய்பவருக்கு எளிது பதியன்தான். தாழ்ந்த கிளையொன்றை வளைத்து, அடிப்பட்டையை லேசாகச் சுரண்டி, மண்ணில் அழுத்திப் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு ஒரு பருவம் காத்திருந்தால் வேர் விட்டுவிடும். வேரடியிலிருந்து புதுக் கன்றுகள் விட்டுச் சுற்றிலும் பரவும் புதர் இது என்று பார்ட்ரம் அன்றே எழுதி வைத்திருக்கிறார். அந்தச் சுபாவத்தைத்தான் நாம் பயன்படுத்திக்கொள்கிறோம். விற்பனைக்காகப் பெருக்குவதானால் காப்புரிமை இன்னும் நடப்பிலுள்ளதா என்று பார்த்துவிட்டே தொடங்க வேண்டும்.

ஆக, ஒரு பொன்னிலைச் செடி யாருடைய வாசலில் நின்றாலும், அது அந்த முதல் மஞ்சள் கிளையின் துண்டுதான். வழிநெடுக எத்தனையோ கைகள் குச்சி வெட்டி, வேர் பிடிக்க வைத்து, தொட்டி மாற்றி, நிழல் கட்டிக் கொண்டுவந்து சேர்த்த அதே உடம்பு. இந்தக் கைகள் நின்றால் பொன்னும் நின்றுவிடும். மரபு பிறழ்ந்து வந்தது, சில சமயம் பழைய வழிக்கே திரும்பவும் பார்க்கும். வண்ண மணிபிளான்டில் திடீரென முழுப்பச்சைக் கொடியொன்று கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள், அதே போலத்தான். அந்தப் பச்சைக் கிளைக்குப் பச்சையம் அதிகம், வேகம் அதிகம். விட்டுவைத்தால் சில ஆண்டுகளில் செடி முழுவதையும் அது எடுத்துக்கொள்ளும். ஆகவே இந்தச் செடியை வைத்திருப்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வசந்தத்தில் இலை விரியும்போது ஒருமுறை குனிந்து அடிவரை பாருங்கள். பொன்னுக்கு நடுவே பச்சையாக ஒரு கிளை தலைகாட்டினால், தயங்காமல் அன்றே அடியோடு வெட்டிவிடுங்கள்.